அக்கரை சேர்ந்த குடும்பம்

ஒரு மனிதனுடைய சரித்திரத்தைச் சொல்ல வருகிறவர்கள், அவன் அடைந்த பதவியையும் ஈட்டிய செல்வத்தையும் முதலில் விரித்துரைத்துவிட்டு, அவற்றுக்கெல்லாம் முன்னே அவன் யார் யாருடைய தயையினால் உயிர் பிழைத்தான் என்பதை ஏதோ ஓர் அநுபந்தம்போலக் கடைசியில் சேர்ப்பதே உலக வழக்கமாக இருந்துவருகிறது. கணினிகளின் இருதயமாகிய சில்லுகளைச் செய்யும் இன்டெல் கம்பெனியைப் பல்லாண்டு காலம் நடத்திய ஆண்ட்ரூ குரோவின் வரலாறும் பெரும்பாலும் அவ்விதமே சொல்லப்பட்டிருக்கிறது. அந்த வரிசையை இங்கே மாற்றிக்கொண்டு, ஹங்கேரி நாட்டிலிருந்து இரவோடிரவாக எல்லை கடந்து வந்த இருபது வயது வாலிபர் ஒருவர் அந்நிய மண்ணில் எவ்வாறு ஒரு குடும்பத்தை நிலைநாட்டினார் என்பதையும், அதற்கு எவரெவர் கைகொடுத்தார்கள் என்பதையும் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

புடாபெஸ்ட் நகரத்துச் சிறுவன்

1936-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 2-ஆம் தேதி, டான்யூப் நதியின் இரு கரைகளிலும் பரந்து கிடக்கும் புடாபெஸ்ட் நகரத்தில், நடுத்தர வசதியுள்ள யூதக் குடும்பம் ஒன்றில் ஆண்ட்ராஷ் இஷ்ட்வான் க்ரோஃப் பிறந்தார். தந்தையார் சிநேகிதர்களுடன் கூட்டாகப் பால், வெண்ணெய் வியாபாரம் செய்துவந்தவர். தாயார் சங்கீதத்தில் பிரியமுள்ளவராயினும் கணக்கெழுதும் வேலையில் அமர்ந்தவர். குழந்தைக்கு நான்கு வயதாகியிருந்தபோது ஸ்கார்லெட் ஜுரம் கண்டு, உயிர் போய்விடுமோ என்று அஞ்சும் நிலைமை ஏற்பட்டது. உயிர் பிழைத்தது, ஆனால் ஜுரத்தின் விளைவாகக் காதுகளில் சீழ் கோத்துக் கேள்விப்புலன் வெகுவாகக் குன்றிப்போயிற்று. பிறர் பேசும்போது அவர்களுடைய உதட்டசைவைக் கூர்ந்து கவனித்துப் பொருள் தெரிந்துகொள்ளும் பழக்கம் அந்தச் சிறு வயதிலேயே அவரிடம் படிந்தது.

1942-இல் தந்தையாரை அரசாங்கத்தார் கட்டாய உழைப்புப் படையில் சேர்த்து ருஷிய யுத்தகளத்துக்கு அனுப்பினார்கள். யூதர்களுடைய கையில் துப்பாக்கி தருவதில்லை. பதுங்குகுழி வெட்டுவதும் கண்ணிவெடி அகற்றுவதுமே அவர்களுக்கு விதிக்கப்பட்ட பணி. சில மாதங்களுக்குப் பின் அவர் காணாமற்போய்விட்டார் என்ற அறிவிப்பு மாத்திரம் வீட்டுக்கு வந்தது. 1944 மார்ச் மாதத்தில் ஜெர்மானியப் படைகள் ஹங்கேரியை ஆக்கிரமித்துக்கொண்டன. அவ்வருஷம் மே மாத நடுவிலிருந்து ஜூலை மாதத் தொடக்கம் வரையில், ஏறக்குறைய எட்டே வாரங்களுக்குள், பெரும்பாலும் தலைநகருக்கு வெளியிலுள்ள ஊர்களிலிருந்து, சுமார் 4,37,000 யூதர்கள் ரயில் வண்டிகளில் அடைக்கப்பட்டு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ் மரண முகாம். அந்தப் பயங்கரத்தின் நடுவே தாயார், பொய்ப் பெயரும் பொய்ப் பத்திரங்களும் சம்பாதித்துக்கொண்டு, சிறு பிள்ளையான மகனுக்கு அந்தப் புதிய பெயரை வாய் தவறாமல் சொல்லப் பழக்கி, கிறிஸ்தவ நண்பர்களுடைய ஆதரவில் மறைந்து வாழ்ந்தார். 1945 பிப்ரவரியில் நகர முற்றுகை முடிந்தது. அவ்வருஷமே, மாண்டுபோனதாகப் பலரும் நினைத்திருந்த தந்தையார் எலும்பும் தோலுமாக வீடு வந்து சேர்ந்தார்.

பிழைத்தெழுந்த குடும்பத்தைப் புதிய ஆட்சி வேறு விதமாகச் சோதித்தது. கம்யூனிஸ்ட் அரசாங்கத்தார் தனியார் வியாபாரங்களைத் தேசவுடைமையாக்கியபோது பால் வியாபாரமும் பறிபோயிற்று. பத்திரிகை எழுத்தாளனாக வேண்டுமென்ற ஆசையுடன் இளைஞர் பத்திரிகை ஒன்றுக்குக் கட்டுரைகள் எழுதிவந்த ஆண்ட்ராஷ், உறவினர் ஒருவர் சிறைப்பட்டதும் தம்முடைய எழுத்துக்கு அங்கே இடமில்லாது போனதைக் கண்டார். ஆள்வோருடைய விருப்பு வெறுப்புக்கு ஏற்ப மதிப்பு மாறாத துறை ஒன்று வேண்டும் என்று தேடி அவர் இரசாயன சாஸ்திரத்தைப் பற்றிக்கொண்டார். அவருடைய பள்ளிக்கூடத்துப் பௌதிக ஆசிரியர், பெற்றோர் கூடியிருந்த ஒரு சமயத்தில், வாழ்க்கை பெரியதோர் ஏரி என்றும், எல்லாப் பிள்ளைகளும் அதில் இறங்கினாலும் எல்லாரும் அக்கரை சேரப்போவதில்லை என்றும், க்ரோஃப் சேர்ந்துவிடுவான் என்றே தாம் நம்புவதாகவும் சொன்னார். பிற்காலத்தில் தம் இளமைக் கதையை நூலாக எழுதியபோது அந்த வார்த்தையிலிருந்தே குரோவ் நூலின் தலைப்பை எடுத்துக்கொண்டார்.

எல்லை கடந்த இரவு

1956 அக்டோபர் 23-ஆம் தேதி புடாபெஸ்ட் மாணவர்கள் தொடங்கிய ஊர்வலம் சில மணி நேரத்தில் தேசமளாவிய புரட்சியாக மாறிற்று. இம்ரே நாஜ் தலைமையில் அமைந்த அரசாங்கம் சுதந்திர வாழ்வுக்கு வழி திறக்கும் என்று ஜனங்கள் நம்பிக்கொண்டிருக்கையிலேயே, நவம்பர் 4-ஆம் தேதி சோவியத் டாங்கிகள் தலைநகருக்குள் மீண்டும் புகுந்தன. புரட்சி நசுக்கப்பட்டது, தெருக்களில் வாலிபர்களைப் பிடித்துப்போகிறார்கள் என்ற செய்தி வீடுதோறும் பரவிற்று. அப்போது சர்வகலாசாலையில் இரசாயனம் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ராஷிடம், ஆஷ்விட்ஸிலிருந்து உயிருடன் மீண்டுவந்திருந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர், உடனே நாட்டை விட்டுப் போய்விடவேண்டுமென்று கண்டிப்பாகச் சொன்னார். காத்திருந்தவர்களுடைய கதி என்னவாயிற்று என்பதைக் கண்ணாரக் கண்டவர் அவர். ஒரே மகனைப் பிரிய எந்தப் பெற்றோருக்குத்தான் மனம் வரும்? ஆயினும் அந்த வார்த்தைக்கு மறுவார்த்தை எழவில்லை.

தோழர்களுடன் ரயிலேறி எல்லைப்புறத்துக்குச் சென்று, வழி தெரிந்தவர்கள் காட்டிய திசையில் இருட்டில் வயல்களினூடே நடந்தபோது, திடீரென்று ஹங்கேரிய மொழியில் ஒரு குரல் அவர்களை அதட்டிற்று. அகப்பட்டுக்கொண்டோம் என்று நெஞ்சு பதறி நின்றவர்களுக்கு, தாங்கள் நிற்பது ஆஸ்திரிய மண் என்பது அடுத்த கணம் தெரிந்தது.

அந்தக் குளிர்காலத்தில் அவ்விதம் வெளியேறியவர்கள் ஏறத்தாழ 2,00,000 பேர். அவர்களில் சுமார் 1,80,000 பேர் ஆஸ்திரியாவுக்கும், சுமார் 20,000 பேர் யுகோஸ்லாவியாவுக்கும் போனார்கள். ஆண்டாவ் என்ற ஆஸ்திரியக் கிராமத்துக்கு அருகே கால்வாய் ஒன்றின் மேல் இருந்த சிறு மரப்பாலத்தின் வழியாக மட்டும் எழுபதாயிரம்பேர்வரை கடந்ததாகக் கணக்கிடுகிறார்கள். நவம்பர் 21-ஆம் தேதி அப்பாலம் தகர்க்கப்பட்ட பின்னரும் ஜனங்கள் வருவது நிற்கவில்லை. ஆஸ்திரியா அப்போது எழுபது லட்சம் ஜனத்தொகையே உள்ள சிறிய தேசம்; பத்து ஆண்டுகள் நான்கு வல்லரசுகளின் பிடியில் இருந்து, 1955-இல்தான் தன்னுரிமை பெற்றிருந்தது; அந்நியப் படைகள் அகன்று ஓராண்டுதான் ஆகியிருந்தது. தன் அடுப்பே சரியாக மூண்டெரியாத அந்நாடு, வந்தவர்களில் ஒருவரையும் திருப்பியனுப்பாமல் கதவைத் திறந்து வைத்தது. அகதிகளைப் பற்றிய 1951-ஆம் வருஷத்து உடன்படிக்கை, அவ்வருஷத்துக்கு முந்திய நிகழ்ச்சிகளால் அகதிகளானவர்களுக்கே உரியதென்று எழுதப்பட்டிருந்தபோதிலும், ஹங்கேரியரின் துன்பத்துக்கு மூலகாரணம் அக்காலத்ததே என்று பொருள் கொண்டு, ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையகம் அவர்களையும் தன் பாதுகாப்பில் ஏற்றுக்கொண்டது. முப்பத்தேழு தேசங்கள் அவர்களைப் பகிர்ந்து குடியேற்றின. கனடாவுக்குச் சுமார் 37,000 பேர் போனார்கள். ஷோப்ரான் நகரத்து வனவியல் கல்லூரியின் மாணவர்களில் ஏறக்குறைய 200 பேர் தங்கள் ஆசிரியர்களுடன் கூட்டமாகவே அங்கே சென்றார்கள்; பிரிட்டிஷ் கொலம்பியா சர்வகலாசாலையில் தாய்மொழியிலேயே படிப்பை முடிக்க அவர்களுக்கு இடமளிக்கப்பட்டது.

இத்தனை தாராளத்துக்கு அரசியல் நோக்கமும் ஒரு காரணம் என்பதை மறைக்கவேண்டியதில்லை. சோவியத் ஆதிக்கத்தை எதிர்த்து நின்ற ஜனங்களை ஏற்பது அன்றைய மேற்கு நாடுகளுக்குக் கௌரவப் பிரச்னையாக இருந்தது. ஆனால் எல்லைக் கிராமத்தில் கொட்டிலைத் திறந்து வைக்கோல் பரப்பி, நனைந்த கால்களுக்கு நெருப்பு மூட்டிக் கொடுத்த குடியானவர்களுக்கு அந்த ராஜதந்திரத்தோடு யாதொரு சம்பந்தமும் இல்லை.

காதுக்கு ஒரு கருவி

வியன்னாவில் சர்வதேச மீட்புக் குழு என்னும் தர்ம ஸ்தாபனத்தாரை ஆண்ட்ராஷ் அணுகினார். அமெரிக்காவுக்கு அனுப்பவேண்டுமென்ற அவருடைய விண்ணப்பத்தை அவர்கள் முதலில் ஏற்கவில்லை. மறுபடியும் சென்று மன்றாடிய பின்னரே இணங்கினார்கள். ஜெர்மனியைக் கடந்து பிரேமர்ஹாவன் துறைமுகம் சேர்ந்து, யுத்த காலத்தில் துருப்புகளை ஏற்றிச் சென்ற பழைய கப்பல் ஒன்றில், மாரிக்கால அட்லாண்டிக்கின் கொந்தளிப்பைச் சகித்துப் பிரயாணம் செய்து, 1957 ஜனவரி 7-ஆம் தேதி நியூயார்க்கில் கரையேறினார். அங்கிருந்து நியூஜெர்சி மாகாணத்திலுள்ள கில்மர் முகாம். அங்கிருந்து பிராங்க்ஸ் பகுதியில் வாழ்ந்த உறவினரின் வீடு. கையில் பணமில்லை, பேச்சில் பழக்கமான ஆங்கிலமில்லை, காதும் சரியாகக் கேட்பதில்லை.

அந்த நிலையில் அதே ஸ்தாபனத்தார் அவருக்குச் செய்த உதவி ஒன்றை நான் இச்சரித்திரத்தின் மையமென்றே கருதுகிறேன். அவருடைய செவிக்குறையை அறிந்து, காது கேட்கும் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். பெரிய காரியமாகத் தோன்றாது. ஆனால் அதைக் கொடுத்தபோது அவர்கள் முன் நின்றவர் யார்? கோடிக்கணக்கான கணினிகளுக்கு உயிரூட்டப்போகிற கம்பெனியின் அதிபர் அல்லர். பட்டம் பெறாத, பத்திரமில்லாத, இனி என்ன ஆவார் என்று ஒருவராலும் சொல்ல முடியாத, செவி மந்தமான ஒரு பையன். அவருடைய தகுதியைச் சோதித்து அளந்துவிட்டு அவர்கள் ஈயவில்லை. கேட்கவில்லை என்பதால் ஈந்தார்கள். பிற்காலத்தில் பல சத்திரசிகிச்சைகளினால் அவருக்குச் செவிப்புலன் திரும்பக் கிடைத்தது. ஆனால் ஆசிரியர் சொல்லும் பாடம் காதில் விழவேண்டிய அந்த வருஷங்களில் கைகொடுத்தது அந்தக் கருவிதான்.

பாடம் கேட்கச் சென்ற இடமும் அத்தகையதே. நியூயார்க் நகரக் கல்லூரி 1847-இல் ஏழை மக்களின் பிள்ளைகளுக்காக ஏற்பட்டது. அக்காலத்தில் மாணவர்களிடம் சம்பளம் வாங்குவதில்லை. குடியேறியவர்களின் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்து முன்னேறிய அக்கல்லூரியில் ஆண்ட்ராஷ் இரசாயனப் பொறியியல் பிரிவில் சேர்ந்தார். பெயரை ஆண்ட்ரூ குரோவ் என்று அமைத்துக்கொண்டார். அகராதியும் கையுமாகப் படித்து, மூன்றரை ஆண்டுகளுக்குள், 1960-இல், வகுப்பில் முதல்வராகத் தேறினார். அகதி மாணவர் ஒருவர் முதன்மை பெற்ற செய்தியை நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை வெளியிட்டது.

இல்லறம்

1957-ஆம் வருஷத்துக் கோடை விடுமுறையில், செலவுக்குப் பணம் சம்பாதிக்கும்பொருட்டு, குரோவ் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்து மலைப்பகுதியில் இருந்த ஓய்வு விடுதி ஒன்றில் எச்சில் தட்டுகளை எடுக்கும் வேலைக்குப் போனார். அதே விடுதியில் உணவு பரிமாறும் வேலைக்கு வந்திருந்தார் எவா காஸ்டன் என்னும் மாணவி. அவரும் அகதிக் குடும்பத்தவர். வியன்னாவில் பிறந்து, ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பிப் பெற்றோருடன் தென்னமெரிக்காவிலுள்ள பொலிவியாவுக்குச் சென்று, அங்கே வளர்ந்து, பின்னர் நியூயார்க்குக்கு வந்தவர். சொந்த ஊரென்று சொல்லிக்கொள்ள ஓர் ஊர் இல்லாத இருவர், வேற்று நாட்டு விடுதியொன்றின் உணவுக்கூடத்தில் சந்தித்து, ஒருவர் துயரை ஒருவர் விளக்கம் கேளாமலே உணர்ந்துகொண்டார்கள். 1958 ஜூன் மாதத்தில் அவர்களுக்கு விவாகம் நடந்தது. அதே மாதத்தில்தான் ஹங்கேரியில் இம்ரே நாஜ் தூக்கிலிடப்பட்டார். மாப்பிள்ளையின் தாய் தந்தையர் இரும்புத் திரைக்கு அப்பால் இருந்தார்கள்.

அவ்வருஷமே அமெரிக்கச் சட்டசபை, தற்காலிக அனுமதியில் வந்திருந்த ஹங்கேரியர்கள் நிரந்தரமாகக் குடியிருப்பதற்கு வழி செய்யும் சட்டமொன்றை நிறைவேற்றிற்று. வீடு கட்ட விரும்புகிறவனுக்கு முதலில் வேண்டியது, நாளைக்கும் இந்த மண்ணிலே இருக்கலாம் என்ற உறுதி. அது இல்லாத இடத்தில் எத்தனை ஆண்டு வசித்தாலும் அகதி அகதியாகவே இருக்கிறான்.

பட்டம் பெற்றதும் தம்பதிகள் கலிபோர்னியாவுக்குச் சென்றார்கள். பெர்க்லி சர்வகலாசாலையில் 1963-இல் டாக்டர் பட்டம் பெற்று, குரோவ் ஃபேர்சைல்டு கம்பெனியில் ஆராய்ச்சியாளராக அமர்ந்தார். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். காலம் கூடிவந்தபோது பெற்றோரையும் ஹங்கேரியிலிருந்து வரவழைத்துத் தம் அருகே குடிவைத்தார். யுத்தத்தில் ஒருமுறையும் புரட்சியில் ஒருமுறையும் சிதறுண்ட ஒரு குடும்பம், பாட்டன் பாட்டி பேத்தி என்ற வரிசை கெடாமல், பசிபிக் சமுத்திரக் கரையோர மாகாணத்தில் மீண்டும் ஒன்றாயிற்று. என் அபிப்பிராயத்தில் குரோவினுடைய சாதனைகளில் தலையாயது இதுவே. அந்தக் குடும்ப வாழ்க்கையை அவர் விளம்பரத்துக்கு இரையாக்கவில்லை. உலகப் பத்திரிகைகள் தம்மைச் சூழ்ந்து நின்ற நாட்களிலும் புதல்வியரை அந்த வெளிச்சத்தில் நிறுத்தாமல் காத்தார். பொய்ப் பெயரில் ஒளிந்து வாழ்ந்த பிள்ளைக்கு, தன் வீட்டார் நிம்மதியாக மறைவில் வாழ்வதன் அருமை தெரிந்திருந்தது. ஹங்கேரிக்கு அவர் ஒருபோதும் திரும்பிச் செல்லவில்லை.

தொழிலும் துணிவும்

1968-இல் ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் இன்டெல் கம்பெனியைத் தொடங்கியபோது குரோவ் தொடக்க நாள் முதலே அவர்களுடன் சேர்ந்துகொண்டார். 1979-இல் தலைவராகவும், 1987-இல் தலைமை நிர்வாகியாகவும் உயர்ந்தார். அவருடைய நிர்வாகக் காலத்தில் கம்பெனியின் ஆண்டு வருமானம் 190 கோடி டாலரிலிருந்து 2,600 கோடி டாலருக்கு மேற்பட்டது. அவ்வளவு பெரிய அதிகாரி அமர்ந்து வேலை பார்த்தது, மற்றச் சிப்பந்திகளுக்கு உள்ளதைப் போன்ற, எட்டடிக்கு ஒன்பதடித் தடுப்பறையில்.

அவருடைய தொழில் வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சியை மட்டும் இங்கே குறிப்பிடலாம். இன்டெல் ஆதியில் பேர் பெற்றது நினைவகச் சில்லுகளினால். ஜப்பானியர் அவற்றை மலிவாகவும் சிறப்பாகவும் செய்து சந்தையைக் கைப்பற்றிக்கொண்ட 1985-ஆம் வருஷத்தில், குரோவ் மூரை நோக்கி, நம்மை நீக்கிவிட்டுப் புதியவர் ஒருவரை நியமித்தால் அவர் என்ன செய்வார் என்று வினவினார். நினைவகத் தொழிலை விட்டுவிடுவார் என்று மூர் விடையளித்தார். அப்படியானால் நாமே வெளியே போய்ப் புதியவர்களாகத் திரும்பி வந்து அதைச் செய்தாலென்ன என்றார் குரோவ். அவ்வாறே அத்தொழிலைக் கைவிட்டு நுண்செயலிகளில் முழு மூச்சாக இறங்கினார்கள். இன்டெல் பிழைத்து ஓங்கியது. ஆயிரக்கணக்கான ஊழியர் வேலையிழந்த அந்த முடிவின் வேதனை குரோவுக்கும் தெரியாததல்ல. ஆனால் பிரியமான ஒன்றை விட்டுப் புறப்படவேண்டிய வேளை வந்துவிட்டால் காலந்தாழ்த்தலாகாது என்ற பாடத்தை, புடாபெஸ்டில் அந்தப் பெண்மணி சொன்ன வார்த்தையிலேயே அவர் கற்றுக்கொண்டிருந்தார். 1997-இல் டைம் பத்திரிகை அவரை அவ்வாண்டின் மனிதராகத் தேர்ந்தெடுத்தது. புற்றுநோயையும், பிறகு பார்க்கின்சன் வியாதியையும் தைரியமாக எதிர்கொண்டு, மனைவியும் மக்களும் எட்டுப் பேரக்குழந்தைகளும் சூழ வாழ்ந்து, 2016 மார்ச் 21-ஆம் தேதி எழுபத்தொன்பதாவது வயதில் அவர் காலமானார்.

பட்ட கடன்

பெற்ற உதவியை மறவாமை உயர்ந்தோர் இலக்கணம். சம்பளம் வாங்காமல் தமக்குக் கல்வியளித்த நியூயார்க் நகரக் கல்லூரிக்கு 2005-இல் 2 கோடியே 60 லட்சம் டாலர் நன்கொடை வழங்கினார். அதன் பொறியியல் பள்ளி இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. இளமைக் கதையைக் கூறும் நூலை 2001-இல் வெளியிட்டபோது, அதனால் வந்த வருவாயை, தமக்குக் காதுக் கருவி வாங்கித் தந்த மீட்புக் குழுவுக்கே அளித்தார். தாம் கரையேறிய பிறகு ஓடத்தைக் கவிழ்த்துவிடாமல், பின்னால் வருகிறவர்களுக்காகக் கரையிலே கட்டிவைத்தவர் அவர்.

குரோவைப் போன்றவர்களுடைய வரலாற்றைக் காட்டி, அகதிகளை ஏற்றால் இப்பேர்ப்பட்ட மேதைகள் கிடைப்பார்கள், நாட்டுக்குச் செல்வம் பெருகும் என்று வாதாடுவோர் உண்டு. நல்லெண்ணத்தினால் சொல்லும் வாதமே. ஆயினும் அது போதாது. 1956-இல் எல்லை கடந்த இரண்டு லட்சம் பேரில் உலகப் புகழ் பெற்றவர்கள் சிலரே. மற்றவர்கள் தச்சர்களாகவும் தாதிகளாகவும் தொழிலாளிகளாகவும் ஆசிரியர்களாகவும் உழைத்து, பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, பேர் தெரியாமல் வாழ்ந்து மறைந்தார்கள். அவர்களுக்குத் தந்த அடைக்கலம் வீணாயிற்று என்று யாரேனும் சொல்லத் துணிவார்களா? ஆண்டாவ் கிராமத்தார் எதிர்காலம் பார்த்து நெருப்பு மூட்டவில்லை. குளிரில் நடுங்கியவர்களைப் பார்த்து மூட்டினார்கள். அவ்விதம் கணக்குப் பாராமல் கொடுத்ததனால்தான் குரோவுக்கும் கிடைத்தது. தகுதி பார்த்துத்தான் கொடுப்போம் என்றிருந்தால், முதன்முதல் கைவிடப்பட்டிருக்கக்கூடியவர் செவி கேளாத அந்த வாலிபராகவே இருந்திருப்பார்.

இன்றும் உலகத்தின் பல எல்லைகளில் ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு நிற்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பத்திரிகையில் படிக்கும்போது, இவர்களால் நமக்கு என்ன லாபம் என்ற கேள்வியை விட்டு, இவர்களுக்கு இப்போது என்ன வேண்டும் என்று வாசகர்கள் கேட்டுப் பழகவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.